கட்டம் இல்லாத கறுப்பு

கார்பன் என்றால் கட்டம் இருக்கும். விழுப்புரத்தில் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். ஏனென்றால் பாதிப் பேருக்குக் கார்பனைக் காட்டியவனே நான்தான். நான்குமுனை சந்திப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் கடை. பைக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற தொழில், பதினைந்து வருஷமாக. கோலியனூர், கண்டமங்கலம் என்று எங்கெங்கிருந்தோ வண்டியோடு வந்து, "அண்ணா, டேங்குக்குக் கார்பன் போட்டுடுங்க" என்பார்கள். கறுப்பு ஃபிலிம், அதில் பாய் பின்னினாற்போலச் சின்னச் சின்னக் கட்டம். வெயிலில் வண்டியைத் திருப்பினால் கட்டமெல்லாம் மினுக்கும். அது அசல் கார்பன் இல்லை என்று எனக்கும் தெரியும், ஒட்டிக்கொள்கிறவனுக்கும் தெரியும். ஆனால் அசல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இந்த வருஷம் வரைக்கும் எனக்கே தெரியாது.

யாஹ்யாதான் கொண்டுவந்து காட்டினான். காட்டாமல் இருந்திருக்கலாம்.

யாஹ்யா கோட்டக்குப்பத்துக்காரன். கல்லூரியில் மூன்று வருஷமும் ஒரே பெஞ்சு. இப்போது சார்ஜாவில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஐந்து வார லீவில் வருவான். அந்த ஐந்து வாரமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் திண்டிவனத்தில் சந்திப்போம். மேம்பாலத்துக்குப் பக்கத்தில், மொபைல் கடைக்கு மேல் மாடியில், சவுரிராயன் அண்ணன் பூல் ஹால் நடத்துகிறார். ஸ்டிக்கால் பந்தைக் குத்தி டேபிள் ஓரக் குழியில் போடுகிற ஆட்டம். மூன்று டேபிள். கல்லூரி நாளில் அங்கேதான் இரண்டு பேரும் ஒன்றாக ஆடிப் பழகினோம். ஒன்றாகப் பழகினாலும் நான்தான் நன்றாக ஆடுவேன். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த ஹாலில் ஒரு வழக்கம் உண்டு. கல்லாவுக்கு மேலே சுண்ணாம்புச் சுவரில் ஒரு கொக்கி. ஞாயிறு ஆட்டத்தில் ஜெயித்தவனுடைய ஸ்டிக் அடுத்த ஞாயிறு வரைக்கும் அதில் தொங்கும். வாரம் முழுக்க வருகிறவன் போகிறவன் எல்லாம், "இது யாருதுண்ணே?" என்று கேட்பான். "விழுப்புரம் அறிவுது" என்பார் சவுரிராயன். அறிவுச்செல்வன் என்கிற முழுப்பெயரைச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைப்பேன். ஆனாலும் அதைக் கேட்கத்தான் இரண்டு வருஷமாக வாராவாரம் நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டினேன். என் மனைவி கலைமதிக்கு இது தெரியாது. தெரிந்தால் சிரித்தே மானத்தை வாங்கிவிடுவாள்.

என்னுடைய ஸ்டிக் மேப்பிள் மரம். வாங்கியபோது வெளிர் மஞ்சள். நுனியில் தேய்க்கிற நீலச் சாக் தூளும் கை வேர்வையும் ஏறி, இப்போது முன்பாதி நீலம் பாரித்துக் கிடக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு விரலில் பிடித்துக்கொள்ளும். பவுடர் போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டும். மாதம் ஒரு தடவை நைஸ் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். அப்படி ஒரு பிள்ளை மாதிரி அதை வைத்திருந்தேன்.

லீவில் வந்த முதல் ஞாயிறு யாஹ்யா பையைத் திறந்தான்.

"அடிப்பாதி பழசுதான்டா. ஷாஃப்ட் மட்டும் புதுசு. கார்பன் ஃபைபர்" என்றான். ஸ்டிக்கின் முன்பாதியைத்தான் ஷாஃப்ட் என்போம், திருகிக் கழற்றலாம்.

கையில் வாங்கிப் பார்த்தேன். கட்டம் இல்லை. மினுப்பும் இல்லை. துடைத்து வைத்த ஸ்லேட்டுப் பலகை போல ஒரு கறுப்பு, அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே கறுப்பு. ட்யூப் லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எந்தப் பக்கமும் பளிச்சென்று ஒரு கோடு விழவில்லை. என் கடையில் மினுங்காத மேட் இருக்கிறது, பளபளக்கிற கிளாஸி இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் சாட்டின் இருக்கிறது. இது எதிலும் சேரவில்லை. விரலுக்கு நடுவில் ஓட்டினேன். பவுடர் இல்லை, ஒன்றும் இல்லை, அதுபாட்டுக்கு ஓடியது. நீலத் துணி போட்ட டேபிளின் மேல் வைத்துக் குனிந்தால், ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி பந்து வரைக்கும் நேராகத் தெரிந்தது.

"எப்படிடா கீது?" என்றான்.

"நல்லாத்தான் கீது" என்றேன். வாய் சொன்னது. வயிறு எரிந்தது.

"ஒரு கேம் ஆடிப் பாரேன்."

ஒரே ஒரு அடி அடித்தேன். பந்து நான் நினைத்த இடத்துக்குப் போய் விழுந்தது. உடனே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "எனக்கு செட் ஆவலடா" என்றேன். இன்னும் இரண்டு அடி அடித்திருந்தால் திருப்பிக் கொடுக்கக் கை வந்திருக்காது.

அன்றைக்குத் தோற்றேன். அடுத்த ஞாயிறும் தோற்றேன். அதற்கடுத்த ஞாயிறும். என் மேப்பிள் கீழே இறங்கியது. சுண்ணாம்புச் சுவரில் அந்தக் கறுப்பு ஏறியது. அதன் கீழே நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக வந்த ஒருவன் கேட்டான், "இது யாருதுண்ணே?"

"கோட்டக்குப்பம் யாஹ்யாது. விழுப்புரம் அறிவைக் கவுத்துட்டான் இல்ல" என்றார் சவுரிராயன்.

தோற்றதுகூடப் பரவாயில்லை. என் பெயர் அவன் பெயருக்குப் பின்னால், கவுந்தவனாக வந்ததுதான் தாங்கவில்லை.

வீட்டில் கலைமதி கண்டுபிடித்துவிட்டாள். "இன்னாங்க, மூணு வாரமா மூஞ்சியே சரியில்ல?"

"யாஹ்யாகிட்ட கார்பன் ஸ்டிக் இருக்குது. மரத்தை வெச்சிக்கினு அதும் எதிர்ல எவன் ஆட முடியும்?"

"அட, உங்க கடையிலதான் ரோல் ரோலா கார்பன் கெடக்குதே. நீங்களும் ஒட்டிக்கிங்க" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கடையில் இருப்பது எல்லாம் வேஷம், அவன் கையில் இருப்பது அசல் என்று அவளே சொல்லிக் காட்டியது போல இருந்தது. என்னைவிட மட்டமாக ஆடுகிறவன் என்னை ஜெயிக்கிறான் என்றால் அதற்கு அந்தக் கறுப்புதான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டேன். அந்த வாரம் திண்டிவனத்துக்கு ஒரு வேலையாகப் போனவன், டீக்கடையில் ஹாலுக்கு ஆட வருகிற ஒருவனைப் பார்த்தேன். சும்மா பேசிக்கொண்டிருந்துவிட்டு, எழுந்திருக்கும்போது, "கார்பன்றான், கட்டமே காணோமே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அது போதும் என்று எனக்குத் தெரியும்.

நான்காவது ஞாயிறு போனால், சவுரிராயன் நடு டேபிளுக்குப் புதுத் துணி போட்டிருந்தார். சென்னையிலிருந்து ஆள் வரவழைத்துப் போட்டது. பொங்கும் நீலம். டீ டம்ளரோடு ஒருவரையும் பக்கத்தில் விடவில்லை. யாஹ்யா கொக்கியிலிருந்து ஸ்டிக்கை இறக்கியதும், நான் டீக்கடையில் பார்த்த அந்த ஆள் ஆரம்பித்தான்.

"அண்ணே, கார்பன்னா கட்டம் கட்டமா இருக்கும். எம் பைக்குல கீது பாருங்க. இது வெறும் பெயிண்ட்டுண்ணே. வேர்வை பட்டா சாயம் இறங்கி உங்க துணி நாஸ்தி ஆயிடும்."

சவுரிராயனுக்கு முகம் மாறிவிட்டது. வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துக்கொண்டு வந்து, ஷாஃப்டை நடுவில் பிடித்து அழுத்தி ஒரு துடை துடைத்தார். துணியில் கறுப்பும் நீலமுமாக ஒரு பட்டை. ஹாலே 'ஓ' என்றது.

"அது கை அழுக்குண்ணே, சாக் தூளு. ஒரு மாசமா தொடைக்கவே இல்ல" என்றான் யாஹ்யா.

எல்லோரும் சிரித்தார்கள். "சார்ஜாவுல எவனோ நல்லா மொட்டை அடிச்சிட்டான்" என்றான் ஒருவன். யாஹ்யா அவனைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் கையைக் காட்டினான்.

"அறிவைக் கேளுங்க. பெயிண்ட், ஃபினிஷிங் எல்லாம் அவன் தொழில். அவன் பெயிண்ட்டுனு சொன்னா நான் ஒத்துக்கறேன்."

சவுரிராயன் துணியை என் கையில் கொடுத்தார். "சொல்லு தம்பி. சாயம் இறங்குமா?"

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பெயிண்ட் இறங்கியிருந்தால் துடைத்த இடம் வெளுத்திருக்க வேண்டும். இங்கே துடைத்த இடம் இன்னும் கறுப்பாக, இன்னும் சுத்தமாக இருந்தது. அழுக்குதான். 'அழுக்குதான்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. தலையைத் தூக்கினேன். கொக்கி காலியாக இருந்தது.

"பெயிண்ட்தான்ணே. சாயம் இறங்கும்" என்றேன்.

யாஹ்யா கோபப்படவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு "சரி" என்று சொல்லி ஷாஃப்டைத் திருகிக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, ஹாலில் பொதுவுக்குக் கிடக்கிற கோணல் ஸ்டிக்குகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தேன். என் மேப்பிளை நானே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. இதிலாவது பொய் சொல்லாமல் சொல்கிறேன், ரொம்பவே சந்தோஷமாக இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் கடை வாசலில் யாஹ்யாவின் வண்டி வந்து நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று, கையில் இருந்த கட்டரைக்கூடக் கீழே வைத்துவிட்டேன். அவன் உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஷாஃப்டை எடுத்து என் மேஜையில் வைத்தான்.

"இதுக்குக் கார்பன் ஒட்டிக் குடுடா" என்றான்.

"எதுக்கு?"

"பெயிண்ட்டுனு ஆயிடுச்சு இல்ல. மேல ஃபிலிம் இருந்தா சாயம் இறங்காது, சவுரி அண்ணனுக்கும் பேஜாரு இல்ல. கட்டமும் இருக்கும், ஒருத்தனும் சிரிக்க மாட்டான்."

"நெஜமாவே ஒட்டிடவா?"

"நீதான்டா சொல்லணும்" என்றான்.

நான் ரோலை எடுத்தேன்.

ஒட்டுவதற்கு முன்னால் துடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஃபிலிம் பிடிக்காது. வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தேன். முதல் துடைப்பில் அழுக்கு கரைந்து வந்தது. துணியை மடித்து, சுத்தமான பக்கத்தால் அடியிலிருந்து நுனி வரைக்கும் மறுபடி துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. இரண்டு பேரும் அந்தத் துணியைப் பார்த்தோம்.

"இப்ப ஒண்ணும் வரலியே" என்றான் யாஹ்யா.

"லூசா இருந்த மேல் கோட்டிங் போயிருக்கும். உள்ள இருக்கிறது இனிமே இறங்கும்" என்றேன். எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பேச்சு! துணியைச் சுருட்டி மேஜைக்குக் கீழே போட்டேன்.

"ம்" என்றான்.

ஃபிலிமை அளந்து வெட்டி, சூடு காட்டி, அடியிலிருந்து இழுத்து ஒட்டிக்கொண்டே போனேன். தையல் வருகிற இடத்தைக் கீழ்ப்பக்கமாக விட்டேன். என் வேலையில் ஒரு குமிழி இருக்காது. அந்தக் கறுப்பு அங்குலம் அங்குலமாக மறைந்தது, என் கட்டங்கள் ஏறின. மினுமினு என்று பைக் டேங்க் மாதிரியே ஆகிவிட்டது. ஒரு மாதமாக உள்ளே இருந்த எரிச்சல் அப்படியே தணிந்தது. அவ்வளவு அசலான ஒன்று இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது, அதுவும் என் கையால்.

முடித்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். டீயும் நானே வாங்கிக் கொடுத்தேன். என்ன பெருந்தன்மை! அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "வர்றேன்டா" என்று கிளம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் அந்த ஸ்டிக்குக்கு ஒரே மரியாதை. ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். சவுரிராயன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இப்பதான்டா இது கார்பன். அறிவு, கை வேலைன்னா உன் கை வேலைதான்" என்றார். துணி நனைத்துத் துடைத்தார், ஒன்றும் வரவில்லை. டீக்கடை ஆள், "நான் அப்பவே சொன்னேன் இல்ல, கட்டம் இருந்தாத்தான் கார்பன்" என்றான். யாஹ்யா நுனிக்குச் சாக் போட்டுக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை அவனுக்கு ஃப்ளைட். லீவில் இதுதான் கடைசி ஞாயிறு.

ஐந்தில் மூன்று எடுத்தவன் ஜெயித்தவன். முதல் கேமிலேயே தெரிந்துவிட்டது. ஃபிலிம் அவன் விரலில் பிடித்தது. ஸ்டிக் ஓடவில்லை, திக்கியது. கண்ணை மூடிக்கொண்டு போடுகிற பந்தையெல்லாம் விட்டான். முதல் கேம் எனக்கு. இரண்டாவதும் எனக்கு. இன்னும் ஒன்று எடுத்தால் கொக்கி எனக்கு, அடுத்த இரண்டு வருஷத்துக்குக் கேட்க ஆளில்லை.

மூன்றாவது கேமில் அவன் முறை வந்தது. குனிந்தான். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தான். நிமிர்ந்தான். ஷாஃப்டைத் திருப்பி, கீழ்ப்பக்கத் தையலில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து, நுனியிலிருந்து அடிவரை ஒரே இழுப்பாக ஃபிலிமை உரித்தான். சரசரவென்று வந்துவிட்டது. அந்த ஃபினிஷ்மேல் என் பசை சரியாகப் பிடிக்கவே இல்லை. உள்ளே அதே கறுப்பு, பசைத் தடம்கூட இல்லாமல்.

"டேய், டேய்! புதுத் துணிடா!" என்று சவுரிராயன் கல்லாவை விட்டு ஓடிவந்தார். "சாயம் இறங்கப் போவுதுடா!"

"அறிவைக் கேளுங்கண்ணே" என்றான் யாஹ்யா. என் பக்கம் திரும்பினான். "சொல்லுடா. சாயம் இறங்குமா?"

ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. இறங்கும் என்று சொன்னால் போதும். அவன் மறுபடியும் கோணல் ஸ்டிக்கை எடுப்பான், நான் ஒரு கேம் எடுப்பேன், வெள்ளிக்கிழமை அவன் போய்விடுவான். ஒரு தடவை சொன்னவனுக்கு இன்னொரு தடவை சொல்ல என்ன கஷ்டம்? வாயைத் திறந்தேன். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். அவன் காத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். உரித்த ஃபிலிம் அவன் இடது கையில் சுருண்டு தொங்கியது. அதைப் பார்க்க எனக்கே அசிங்கமாக இருந்தது.

"இறங்காதுண்ணே" என்றேன். "அது பெயிண்ட் இல்ல. அசல்."

சவுரிராயன் நின்றுவிட்டார். "அன்னிக்கு இறங்கும்னு சொன்ன?"

"அன்னிக்கும் தெரியும். பொய் சொன்னேன்."

"ஏன்டா?"

"வயித்தெரிச்சல்ணே" என்றேன். அதற்கு வேறு என்ன பெயர் இருக்கிறது?

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. டீக்கடை ஆள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சவுரிராயன் மட்டும், "சீ, உன்னப் போயி தொழில் தெரிஞ்சவன்னு கேட்டேன் பாரு" என்றார். பிறகு யாஹ்யாவிடம் குரல் இறங்கி, "நீ ஆடு தம்பி. முதல்ல இருந்து வெச்சிக்கலாம். அந்த ரெண்டு கேமும் கணக்கு இல்ல" என்றார்.

"போதும்ணே. பேக்கிங் பண்ணணும்" என்றான் யாஹ்யா. ஷாஃப்டைத் திருகிக் கழற்றினான். சட்டைத் துணியால் ஒரு துடை துடைத்துப் பையில் வைத்தான். உரித்த ஃபிலிமை டேபிள் ஓரத்தில் வைத்துவிட்டுப் படி இறங்கினான்.

ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போனவன் தோற்றவன், அதுதான் ஹால் சட்டம். சவுரிராயன் கல்லாவுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். "கொக்கி உன்னுதுதான். நீயே மாட்டிக்க" என்றார், என்னைப் பார்க்காமல். என் மேப்பிளை டேபிள் மேலேயே போட்டுவிட்டு ஓடினேன்.

கீழே யாஹ்யா வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தான். பாண்டி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போகும்வரை நின்றேன்.

"உனக்கு எப்படா தெரியும்?" என்றேன்.

"எது?"

"நான் பொய் சொன்னது."

"அன்னிக்கே. துணியைக் கையில வாங்குன. என்னைப் பாக்கல, கொக்கியைப் பாத்த."

"தெரிஞ்சிக்கினேவா கடைக்கு வந்த? அப்புறம் எதுக்குடா என்னை ஒட்டச் சொன்ன?"

யாஹ்யா ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, வாரை இழுத்துப் பூட்டினான். வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"நீ ஒட்ட மாட்டேன்னு நெனைச்சேன்டா."